கேட் மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
ஒரு கூட்ஸ் வண்டிக்கு ஒரு பதில்
என்று கணக்கு வைத்திருக்கிறேன்.
எஞ்சின் தெரியும்போது தொடங்கி
கார்டு பெட்டி கடப்பதற்குள் முடித்தாக வேண்டும்.
ஹெல்மெட்டுக்குள் உதடு அசைவதைப் பார்த்த
பக்கத்து ஆட்டோக்காரர்
ஜெபம் என்று நினைத்தாரோ என்னவோ,
மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சூழல். பொறுப்பு. செயல். விளைவு.
நாலே கட்டம்.
நொண்டிக்குக்கூட எட்டு உண்டு.

ராத்திரி, ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
நிலோஃபர் நேர்காணல் நடத்துகிறாள்.
மேசைமேல் மூன்று டீ கிளாஸ்.
நடுவில் இருப்பவர் தலைவர்.
விளிம்பு உடைந்தவர் மனிதவளம்.
மூன்றாமவர் வாயே திறக்காமல் குறிப்பெடுப்பார்.
"அவரையும் பாத்துப் பேசணும்டி" என்கிறாள்.
பார்க்கிறேன்.
அடியில் கொஞ்சம் டீ மிச்சமிருக்கிறது அவருக்கு.

"மோதல் ஒன்றை நீங்கள் தீர்த்து வைத்த அனுபவம்?"

என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று.
அந்த மே மாதம்
நாலு நாளாய்த் தண்ணீர் லாரி வரவில்லை.
ஐந்தாம் நாள் ராத்திரி ஒன்றரைக்கு வந்து நின்றதும்
எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் அடிதடி,
காலிக் குடத்தாலேயே.
பேபியக்கா நெற்றி பிளந்து ரத்தம்.
ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடி
ஒவ்வொரு மணிக்கட்டிலும் நம்பர் எழுதினோம்.
ஒற்றைப்படை நாங்கள், இரட்டைப்படை அவர்கள்.
வீட்டுக்கு நாலு குடம்,
கைக்குழந்தை இருந்தால் ஆறு.

ஸ்கேலால் மேசையைத் தட்டுகிறாள்.
"எழுதினோம் இல்ல. எழுதினேன்.
நாங்கன்னு சொன்னா மார்க் கிடையாது.
நீ இன்னா செஞ்ச, அதச் சொல்லு.
நான், நான், நான்."

நான்.
சரி.
பேனா என்னுடையதுதான், பச்சை.
ஒற்றைப்படை இரட்டைப்படை சாலமோன் சொன்னது,
அப்போது எட்டாவது படித்தான்.
பின்தெருவோடு பேசி வரிசைக்கு அழைத்து வந்தது பேபியக்கா,
துப்பட்டாவால் கட்டிய தலையோடு.
துப்பட்டா பின்தெருக்காரி ஒருத்தி அவிழ்த்துக் கொடுத்தது.
கடைசிவரை டியூபைப் பிடித்து நின்றது யாரென்று தெரியாது,
கரண்ட் இல்லை.
இத்தனை பேரையும் இரண்டெழுத்துக்குள் ஏற்றினால்
காலை நேர ஷேர் ஆட்டோபோலப் பிதுங்குகிறது.
யாராவது ஒருவர் காலைத் தொங்கப்போட்டுத்தான் வரவேண்டும்.

விளைவு:
நூற்றுப் பதினேழு வீடு, விடியல் நாலு மணிக்குள்,
அதன்பின் ஒரு மண்டையும் உடையாமல்.

"நம்பரெல்லாம் வருது, சூப்பர்" என்றவள்
சட்டென்று நிறுத்துகிறாள்.
"ஏய், நீ இன்டர்வியூ போறது எந்த வாரியம்?"

அந்த லாரியை அனுப்பாத வாரியம்.

மூன்று கிளாஸும் என்னையே பார்க்கின்றன.
மூன்றாமவர் எதையோ எழுதிக்கொள்கிறார்.

"நாலு நாளுன்றத வெட்டிடு.
விநியோகத்தில் சிறு தாமதம்னு போட்டுக்க."

போட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் வருகிறது, ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.
தாமதம் என்ற சொல்லில்
பேபியக்காவின் நெற்றி மூடிக்கொள்கிறது,
தையல்கூட இல்லாமல்.

இன்று செவ்வாய். எட்டே கால்.
ஃபைல் வயிற்றோடு, இஸ்திரி மடிப்பு கலையாமல்.
கேட் விழுந்துவிட்டது.
மணலிப் பக்கமிருந்து டேங்கர் வண்டி,
கருப்பு கருப்பாய், எண்ண முடியாத நீளம்.
ஆரம்பிக்கிறேன்.
சார், நாலு நாளாய்த் தண்ணீர் வரவில்லை.
வரவேண்டியது உங்கள் லாரி.
எங்கள் தெருவில் அப்போது
பேபியக்கா என்று ஒருவர் இருந்தார், இருக்கிறார்,
அவர் நெற்றியில்

கார்டு பெட்டி போய்விட்டது.
கேட் ஏறுகிறது, பின்னால் அத்தனை ஹார்னும் அலறுகிறது.
நான் இன்னும்
சூழலிலேயே நிற்கிறேன்.